பழைய எலெக்ட்ரிக் கிட்டார் பார்க்கப் போன கதைகள்

என் பங்குக்கு ஒன்று. தெரிந்தவர் மூலமாக ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்று பார்க்கக் கிடைத்தது, 1963 மாடல் என்றார் விற்பவர். ஆதாரம் கேட்டால், பின்னால் நெக் பிளேட்டில் 'எல்' என்று தொடங்கும் சீரியல் நம்பரைக் காட்டினார். அது நெக்கை (கிட்டாரின் கழுத்தை) பாடியோடு பிடிக்க நாலு ஸ்க்ரூவில் நிற்கிற தகடு, கழற்றி எந்த பாடியில் வேண்டுமானாலும் மாட்டலாம். பிக்கார்டைத் (பாடியின் முன்பக்கத்தை மூடும் தகட்டை) திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். முகம் சுருங்கியது, ஆனாலும் சரி என்றார்.

உள்ளே பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகில் 1376612. முதல் மூன்று எண் தயாரித்த கம்பெனி (137 என்றால் சிடிஎஸ்), அடுத்த இரண்டும் வருஷம், அதாவது 1966, கடைசி இரண்டும் 12-வது வாரம். பழுதாகி மாற்றியிருப்பார்கள், அதில் தப்பில்லை என்று விட்டுவிடலாம். பாடியில் இருந்த ஆணி ஓட்டைகள்தான் காட்டிக்கொடுத்தன. அந்தக் காலத்தில் ஃபெண்டரில் பெயிண்ட் அடிக்கும்போது பாடியில் சின்ன ஆணிகளை அடித்து, அதன் மேல் நிறுத்திக் காயவிட்டு, கடைசியில் பிடுங்கிவிடுவார்கள். அதனால் ஓட்டைக்குள் வெறும் மரம்தான் தெரிய வேண்டும். இதில் ஓட்டைக்குள்ளேயும் சிவப்பு பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. மறுபடி அடித்த பெயிண்ட், சந்தேகமே இல்லை. நெக்கைக் கழற்றினால், அடியில் தேதி முத்திரை இருக்க வேண்டிய இடத்தை யாரோ உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள்.

பெயிண்ட் மாறிய கிட்டாருக்கு ஒரிஜினலின் பாதி விலைதான் பேச்சு. அவர் ஒரிஜினல் விலையிலிருந்து இறங்கவில்லை, வந்துவிட்டேன். வாசித்தால் சத்தம் அவ்வளவு அருமை, அதுதான் வயிற்றெரிச்சல்.

—

அண்ணா, பாட் கோடு பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்டார் அந்தத் தேதிக்கு முன்னால் செய்ததாக இருக்காது என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஃபெண்டர் 1966-ல் மொத்தமாக வாங்கிப் போட்ட பாட்கள் பல வருஷம் ஓடின, 1968 கிட்டாரில் 66 என்று பார்த்தால் பதற வேண்டாம்.

நான் பார்த்தது அறுபதுகளில் கிப்ஸன் கம்பெனி செய்த எஸ்ஜி மாடல். அறையை இருட்டாக்கி யுவி டார்ச் அடித்தேன். பழைய கிட்டார்களின் மேல் பூச்சான நைட்ரோ லாக்கர் அந்த வெளிச்சத்தில் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். இதிலும் அப்படியே மின்னியது, நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் (கம்பி முறுக்கும் தலைப்பகுதி) சேரும் இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கருத்திருந்தது. உடைந்து ஒட்டிய இடம். வெறும் கண்ணுக்குத் துளிகூடத் தெரியவில்லை, விற்ற பெரியவருக்கே அது புதுச் செய்தி. பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) அடியில் 2,737,842 என்று பேட்டன்ட் ஸ்டிக்கர் இருந்தது. அந்த எண் உண்மையில் கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு (கம்பிகளின் அடி நுனியைப் பிடிக்கும் பாகம்) வாங்கியது, பிக்அப்புக்கு அல்ல! கிப்ஸனே அப்படி ஒட்டித்தான் அனுப்பியது, அதை வைத்து போலி என்று முடிவு கட்டாதீர்கள். ஒட்டு உறுதியாக இருந்ததால் விலையை நன்றாகக் குறைத்துப் பேசி வாங்கிவிட்டேன், வாசிக்கிறவனுக்கு இது லாபம்தான்.

—

லாக்கர் வெடிப்பையும் சொல்லுங்கப்பா. பழசு என்று காட்ட இப்போது பிளேடால் கீறி வெடிப்பு போடுகிறார்கள். நான் பார்த்த ஒன்றில் கோடுகள் எல்லாம் ஒரே இடைவெளியில் நேராக ஓடின, தானாக வெடித்தது இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஃப்ரெட் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மாற்றியதைப் பெரிய குறையாக நினைக்காதீர்கள், காருக்கு டயர் மாற்றுவது போல அது. நெக்கைத்தான் பார்க்க வேண்டும். ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை) முழுக்க முறுக்கியும் வளைவு எடுபடவில்லை என்றால், மற்றதெல்லாம் ஒரிஜினலாக இருந்தாலும் நான் தொட மாட்டேன்.