ஒஹாயோவில் ஒரு 'மெயில் பவுச்' பார்ன்

கொலம்பஸிலிருந்து கிழக்கே பெல்மான்ட் கவுண்டி பக்கம் போனால் கேமராவை எடுக்காமல் கிளம்பமாட்டேன். அந்த மேடுபள்ளச் சாலைகளில் ஏதோ ஒரு வளைவில் திரும்பும்போது, பழைய பார்ன் (வைக்கோலும் மாடும் வைக்கும் பண்ணைக் கொட்டகை) ஒன்றின் கறுப்புச் சுவரில் ஆளுயர எழுத்து கண்ணில் படும்: 'சூ மெயில் பவுச் டொபாக்கோ', அதாவது 'மெயில் பவுச் புகையிலை மெல்லுங்கள்'. மேற்கு வர்ஜீனியா, வீலிங் ஊர்ப் புகையிலைக் கம்பெனியின் விளம்பரம் அது. ரோட்டைப் பார்த்த சுவரை விட்டுக்கொடுத்த விவசாயிக்கு வருஷத்துக்குச் சில டாலரும், பார்னுக்குப் புதுப் பெயின்ட்டும் கிடைத்தன.

இதே கவுண்டியைச் சேர்ந்த ஹார்லி வாரிக், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியதும் இந்த வேலைக்கு வந்தவர். 1992இல் ஓய்வு பெறும்வரை, மறுபூச்சும் சேர்த்து, சுமார் 20,000 சுவர்களில் எழுதியிருக்கிறார். அத்தனையும் கைப்போக்கில்! நெடுஞ்சாலை ஓர விளம்பரங்களுக்கு 1965இல் கட்டுப்பாடு வந்தது. 1974இல் இந்தப் பார்ன்கள் மாதிரி வரலாற்று மதிப்புள்ள பழைய விளம்பரங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று நமக்குப் படமெடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட பார்னைப் பற்றி. முதல் தடவை ஜூலை மாத உச்சி வெயிலில் போய் எடுத்தேன். படத்தில் எழுத்து பதிந்தது, பலகையின் மரம் பதியவில்லை. பாதிச் சுவரை மரக்கிளை மறைத்தது. நவம்பரில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி போனேன். வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது. பெயின்ட் உரிந்த இடங்களில் மரத்தின் ரேகை நரம்பு மாதிரி புடைத்திருந்தது. 'பவுச்' எழுத்துகளுக்கு நடுவே ஓர் ஆணியிலிருந்து துருக்கறை முழங்கை நீளத்துக்கு வழிந்திருந்தது. பார்ன் படத்துக்கு இந்த வெளிச்சத்தை மிஞ்சி எதுவும் கிடையாது.

அப்போதுதான் பிக்கப் வண்டியில் உரிமையாளர் வந்தார், எண்பதை நெருங்கியவர். அனுமதி கேட்காமல் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வெளியே மட்டும் பார்த்துட்டுப் போறீங்களே" என்று சொல்லிப் பெரிய கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே, பலகை இடுக்குகள் வழியே கோடு கோடாக வெளிச்சம். அதில் வைக்கோல் தூசு மிதந்தது. உத்தரங்களில் கோடாலி செதுக்கிய தடம் அப்படியே இருந்தது. மூட்டுகளில் இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் மரத்தில் செதுக்கி அடித்த மரமுளை. ஒரு தூணில் இருந்த முளைமேல் கட்டைவிரலை வைத்து, "இது என் தாத்தா அடிச்சது" என்றார். இருட்டு. ஸ்டாண்டும் கொண்டுபோகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தேன்.

விளம்பரச் சுவர்ப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அவருக்குத் தபாலில் அனுப்பினேன். மே மாதம் போன் செய்தார். குளிர்காலப் பனிப் பாரத்தில் கூரை இறங்கிவிட்டதாம். கல் அஸ்திவாரம்தான் மிச்சம். அந்தத் தூண் படம் இருக்கிறதா என்று கேட்டார். கை ஆடிவிட்டது, தெளிவாக இல்லை என்றேன். "மரமுளை தெரியுதா?" என்றார். தெரிகிறது என்றேன். அதையே அனுப்பச் சொன்னார்.