ஒரே மைக், மூன்று மிக்சர்: குறைந்த செலவில் எப்படிப் பிரிப்பது?

பின்வரிசை எழுதியது:
எங்கள் குழுவில் 16 மைக்குகள், அவற்றில் 4 கண்டென்சர் (மிக்சரிலிருந்து மின்சாரம் வாங்கி இயங்கும் வகை). அரங்க ஒலிக்கு ஒரு மிக்சர் இருக்கிறது. பாடகர்கள் காதில் செருகும் மானிட்டருக்குத் தனி மிக்சர் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு, நேரலை செய்பவர் தன் மிக்சரையும் தூக்கிக்கொண்டு வருகிறார். மூன்றும் அனலாக். ஒரு மைக்கைப் பல மிக்சருக்குப் பிரித்து, அவற்றுக்கிடையே நேரடி மின் தொடர்பையும் துண்டிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்ப்ளிட்டரை 16 சேனலுக்கும் வாங்க வசதியில்லை. ஒரு முனை இரண்டாகக் கிளைக்கும் ஒய் கேபிளே போதும் என்கிறார் ஒருவர். மிக்சர் புகைந்துவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பற்றாசு எழுதியது:
புகையாது. மைக் சிக்னலை இரண்டு மிக்சருக்கு இணையாகப் பிரிப்பது காலங்காலமாக நடக்கும் வேலை.

கணக்கைப் பாருங்கள். சாதாரண மைக்கின் இம்பீடன்ஸ் (மாறும் சிக்னலுக்கு இருக்கும் மின்தடை) 150 முதல் 200 ஓம். மிக்சரின் மைக் இன்புட் ஏறத்தாழ 2000 ஓம். இரண்டு மிக்சர் சேர்ந்தால் 1000 ஓம். ஒரே மிக்சருக்குப் போவதோடு ஒப்பிட்டால் ஒரு டெசிபல்கூடக் குறையாது. மூன்றாவதையும் அதே கம்பியில் கோத்தால் 670 ஓமுக்கு இறங்கிவிடும். ஒலியின் அளவு அப்போதும் பெரிதாகக் குறையாது. ஆனால் சில டைனமிக் மைக்குகளின் (மின்சாரம் கொடுக்கத் தேவையில்லாத வகை) ஒலிக் குணமே மாறத் தொடங்கும். இரண்டோடு நிறுத்துங்கள்.

கண்டென்சர் மைக்குக்கு மைக் கேபிள் வழியாகவே போகும் பாண்டம் பவரின் 48 வோல்ட்டை ஒரு மிக்சர் மட்டும் தரட்டும், அது அரங்க மிக்சராக இருக்கட்டும். இரண்டும் தந்தாலும் வழக்கமாக எதுவும் எரியாது. ஆனால் நிகழ்ச்சி நடுவில் யாராவது அந்தப் பொத்தானைத் தட்டினால் மற்றவருடைய மிக்சரில் 'டம்' என்று இடி விழும். காதில் மானிட்டரைச் செருகி நிற்கும் பாடகரை நினைத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் மிக்சரின் பாண்டம் பொத்தான் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று: ஒய் கேபிள் பிரிப்பதற்கு மட்டும்தான். இரண்டு மைக்கை ஒரே சேனலில் சேர்க்க அதைத் திருப்பிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மற்றதற்குச் சுமையாகி இரண்டும் மங்கிப்போகும்.

அலைவரிசை எழுதியது:
மூன்று அனலாக் மிக்சரோடு மல்லுக்கட்டுவதைவிட, டிஜிட்டல் மிக்சர் ஒன்று வாங்கினால் மானிட்டர் கலவையைப் பாடகர்களே கைப்பேசியில் சரிசெய்துகொள்ளலாம். பல மாடல்களில் யூஎஸ்பி வழியாக எல்லாச் சேனல்களையும் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்பவும் முடியும். ஸ்ப்ளிட்டரே வேண்டாம்.

பின்வரிசை எழுதியது:
அடுத்த ஆண்டு பார்க்கலாம். இப்போது கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நேரலைக்காரர் வேறு மின் இணைப்பில் உட்காருகிறார். ஒரு கேபிள் கொடுத்தாலே ஹம் (மின் இரைச்சலின் 'ம்ம்' ஒலி) கேட்கிறது. தன் மிக்சரின் பிளக்கில் எர்த் காலைக் கழற்றினால் நின்றுவிடும் என்கிறார்.

பற்றாசு எழுதியது:
முதலில் அவர் கையிலிருந்து திருப்புளியைப் பிடுங்குங்கள். மின்சார எர்த்தைக் கழற்றுவது உயிரோடு விளையாடும் வேலை. மைக்கைத் தொட்டுக்கொண்டு பாடுபவர் வழியாக மின்சாரம் பாயலாம்.

இரண்டு மிக்சர்களின் எர்த்தும் கேபிளின் ஷீல்டு (சிக்னல் கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) வழியாக வளையமாக இணைவதால்தான் ஹம் வருகிறது. எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று பின் உள்ள மைக் கேபிள்) என்றால் ஷீல்டு சேரும் 1ஆம் பின்னை ஒரு முனையில் மட்டும் பிரித்துவிடுங்கள். சிக்னல் போகும் 2, 3 அப்படியே இருக்கட்டும். பாண்டம் தரும் மிக்சரின் பக்கம் மட்டும் கைவைக்கக் கூடாது. பாண்டம் மின்னோட்டம் திரும்புவதற்கு 1ஆம் பின்தான் வழி, அதை வெட்டினால் கண்டென்சர் மைக் ஊமையாகிவிடும். பிரித்த கேபிளில் சிவப்பு டேப் சுற்றுங்கள். சாதாரண கேபிள்களோடு கலந்துவிட்டால், மைக் கெட்டுவிட்டது என்று யாராவது அதைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

சரி, நேரலைக்கு 16 மைக்கும் தனித்தனியாக எதற்கு? பாடகர்களின் மைக்குகள் தனியாகப் போகட்டும், மிச்சத்தை அரங்க மிக்சரின் ஆக்ஸ் (தனிக் கலவையை வெளியே அனுப்பும் வழி) வழியாகக் கலந்து அனுப்புங்கள். அந்தச் சில குரல்களையும் மைக் கம்பியிலிருந்து எடுக்காதீர்கள். அரங்க மிக்சரின் டைரக்ட் அவுட்டிலிருந்து (ஒரு சேனலை மட்டும் தனியாக வெளியே தரும் துளை) எடுங்கள். மிக்சர் ஏற்கெனவே பெருக்கிய லைன் அளவில் வருவதால் மைக்குக்குக் கூடுதல் சுமை இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் காசை இந்தச் சில லைன்களுக்கு மட்டும் செலவிடுங்கள், ஹம்மும் அடங்கும்.

பின்வரிசை எழுதியது:
அரங்க மிக்சரில் டைரக்ட் அவுட் இல்லை, இன்செர்ட் (சேனலின் சிக்னலை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் ஒரே துளை) மட்டும் இருக்கிறது. மோனோ பிளக்கை முதல் 'கிளிக்' வரை செருகினால் போதும் என்று கேள்விப்பட்டேன்.

பற்றாசு எழுதியது:
பல மிக்சர்களில் அது வேலை செய்யும். ஆனால் யாராவது கேபிளை இடித்து பிளக் முழுதாக உள்ளே போனால், அரங்கில் அந்தக் குரல் நின்றுவிடும். அதற்குப் பதில் ஸ்டீரியோ பிளக்கில் டிப்பையும் (நுனி) ரிங்கையும் (நடு வளையம்) சேர்த்துப் பற்றவைத்து, அதிலிருந்து சிக்னல் கம்பியை எடுங்கள். ஷீல்டு ஸ்லீவுக்கு (பிளக்கின் அடிப்பகுதி) போகட்டும். முழுதாகச் செருகலாம், அரங்க ஒலியும் அறுபடாது.

ஒலிச்சோதனை முடிந்ததும் அரங்க மிக்சரின் கெயினை (மைக் சிக்னலை முதலில் பெருக்கும் திருகு) தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், தொட்டால் நேரலையின் அளவும் கூடவே ஏறி இறங்கும். மானிட்டர் மிக்சருக்கு அந்தத் தொல்லை இல்லை. அது மைக்கிலிருந்து நேராக எடுக்கிறது.