யனகிபா கத்தி: ஆரஞ்சுத் துரு, கோணல் துண்டு, வாயில் பொக்கை. என்ன தப்பு செய்கிறேன்?

ஒசாகாவாசி:

வணக்கம். ஒசாகாவில் இருக்கிறேன். வாரம் ஒரு முறை சால்மனோ கடல் பிரீமோ கட்டியாக வாங்கிவந்து வீட்டிலேயே சஷிமி போடுவோம். (பச்சை மீன் தின்பது ஊரில் அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.) இத்தனை நாள் சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்திதான். போன மாதம் ஆசை தாங்காமல் தென்னோஜியில் ஹன்காய் டிராம் ஏறி, கத்திக்குப் பெயர்போன சக்காய் போய், ஒரு கடையில் 270 மி.மீ. யனகிபா (சஷிமி போடும் நீளக் கத்தி) வாங்கினேன். வெள்ளைத்தாள் 2 என்ற வகை எஃகு, மக்னோலியா மரக் கைப்பிடி, எருமைக்கொம்புப் பூண், மர உறை, எல்லாம் சேர்த்து 26,000 யென்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்று பிரச்சினை.

முதலாவது துரு. ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துத்தான் உறையில் போடுகிறேன். அப்படியும் பின்பக்கக் குழிவில் ஆரஞ்சுப் புள்ளிகள், மிளகு தூவியது போல.

இரண்டாவது, துண்டு நேராக வரவில்லை. மேலே தடிப்பாகத் தொடங்கி அடியில் தாள் போல மெலிந்துவிடுகிறது. பழைய கத்தியில் இப்படி ஆனதே இல்லை.

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாம்பாருக்குக் கபோச்சா பரங்கி நறுக்கினேன், இதே கத்தியால். 'டக்' என்று ஒரு சத்தம். நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி, கத்தியின் வாயில் (வெட்டும் விளிம்பில்) அரிசி நொய் அளவுக்குப் பொக்கை.

கத்தியே மட்டமா, நான்தான் மட்டமா? இன்னொன்று, பெரிய விஷயமில்லை: கைப்பிடியின் ஒரு பக்கத்தில் மேடு போல இருக்கிறது. அது உள்ளங்கையில் உறுத்துகிறது. சீவிவிடலாமா?

சாணைக்கல்:

கைப்பிடியைச் சீவாதீர்கள். பரங்கியைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் ஒரு கேள்வி: எந்தக் கையால் வெட்டுகிறீர்கள்?

ஒசாகாவாசி:

இடது கை. ஏன்?

சின்ன வயதில் அடித்து அடித்து எழுதவும் சாப்பிடவும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். கத்தி, கிரிக்கெட் மட்டை எல்லாம் இன்னும் இடது கைதான். கடைக்காரர்கூட ஏதோ கேட்டார், கையைக் காட்டிக் கேட்ட மாதிரி இருந்தது. எனக்குப் புரியவில்லை, தலையாட்டிவிட்டேன். வலது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

சாணைக்கல்:

நினைத்தேன். மேடு உறுத்துகிறது என்றதுமே பாதி சந்தேகம் வந்துவிட்டது. உங்களுடையது வலது கைக் கத்தி. அந்தக் கைப்பிடியின் குறுக்குவெட்டு ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும். வலது கையில் பிடித்தால் மேடு விரல் மடிப்புக்குள் போய் உட்காரும். இடது கையில் பிடித்தால் உள்ளங்கையைக் குத்தும்.

துண்டு கோணலாவதற்கும் அதுதான் காரணம். யனகிபா ஒருபக்கச் சாய்வுக் கத்தி. வலது முகம் மட்டும் சரிவாக இழைக்கப்பட்டிருக்கும். இடது முகம் தட்டை, நடுவில் லேசான குழிவு (அதற்கு உராசுகி என்று பெயர்). மீனுக்குள் இறங்கும்போது சரிவுப் பக்கம் ஆப்பு மாதிரி தள்ளும், அலகு தட்டைப் பக்கமாக, அதாவது இடப்புறமாக ஒதுங்கும். வலது கைக்காரருக்கு இடப்புறம் மீன் கட்டி இருக்கிறது, கட்டியைப் பிடித்திருக்கும் கையே அந்த ஒதுக்கத்தைச் சமாளித்துவிடும். நறுக்கிய துண்டு சரிவின் மேல் பிரிந்து வலப்புறம் சாயும். நீங்களோ கட்டியை வலது கையில் பிடித்து இடது ஓரத்திலிருந்து வெட்டுகிறீர்கள். அலகு துண்டுக்குள்ளேயே ஓடுகிறது. மேலே தடிப்பு, அடியில் தாள். கத்தி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

நீலத்தாள்:

குறுக்கே வருகிறேன். நான் சிங்கப்பூரில் ஒரு ஜப்பானிய உணவகச் சமையலறையில் இருக்கிறேன், நானும் இடதுகைக்காரன்தான். திருப்பித் தீட்டி இடது கைக் கத்தியாக மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் விலைக்கு அது இரட்டை அடுக்குக் கத்தியாகத்தான் இருக்கும். தட்டையான பின்பக்கம் மட்டும் கடின எஃகு, சரிவுப் பக்கம் முழுக்க மெத்து இரும்பு, எஃகு அங்கே வாயோரத்தில் ஒரு கீற்றாகத்தான் தெரியும். பின்பக்கத்திலிருந்து தேய்த்தால் எஃகு போய்விடும், இரும்புதான் வாயாக மிஞ்சும்.

இடது கை யனகிபா செய்துதருவார்கள், ஆனால் விலை கூடுதல், பல கடைகளில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். வீட்டுக்குத்தானே? சுஜிஹிகி பாருங்கள். சுஜி என்றால் தசைநார், ஹிகி என்றால் இழுத்து அறுப்பது. அதே நீளம், அதே ஒடுக்கம், ஆனால் இருபக்கமும் சாய்வு. சஷிமிக்கும் ஆகும், வறுத்த இறைச்சியை மெல்லிசாகப் போடவும் ஆகும். வாங்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: பல சுஜிஹிகிகளில் வலது பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகத் தீட்டியிருப்பார்கள். இரு பக்கமும் சமமாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஒசாகாவாசி:

தலை சுற்றுகிறது. சரி, துரு? அதற்கும் இடது கைதான் காரணமா?

சாணைக்கல்:

துருவுக்குக் காரணம் உறை. கழுவித் துடைத்த கையோடு உறையில் போடுகிறீர்கள். துடைத்தாலும் பூணுக்குள்ளும் குழிவிலும் ஈரம் இருக்கும். மரம் அதை உறிஞ்சி, இரவெல்லாம் அலகோடு அணைத்து வைத்திருக்கும். இது ஜூன் மாதம், சுயு மழை வேறு. உறை என்பது கத்தியைத் தூக்கிப்போகத்தான். வீட்டில் காய்ந்த செய்தித்தாளில் சுற்றி இழுப்பறையில் வையுங்கள், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது வெளியில் கிடக்கட்டும். கழுவிய பின் கடைசியாக ஒரு முறை வெந்நீர் ஊற்றித் துடைத்தால் சூட்டிலேயே மீதி ஈரம் போய்விடும்.

வெள்ளைத்தாள் 2 என்பது ஏறக்குறைய வெறும் இரும்பும் கார்பனும்தான். கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம். துருவைத் தடுக்கும் குரோமியம் சேர்ப்பதில்லை. அதனால்தான் கல்லில் வெண்ணெய் போலத் தீட்ட வருகிறது, அதனால்தான் துருவும் பிடிக்கிறது. சாப்பிட உட்காரும்போது கத்தியை எலுமிச்சைச் சாற்றோடு பலகையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெட்டும்போதே பக்கத்தில் மடித்த துணி இருக்கட்டும், நாலு இழுப்புக்கு ஒரு துடைப்பு.

இப்போது இருக்கும் புள்ளிகளுக்குத் துரு எடுக்கும் ரப்பர் கிடைக்கிறது, நைசானதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் பொடியை ஒயின் பாட்டில் தக்கையில் தொட்டு அலகின் நீளவாக்கில் தேயுங்கள். முள்ளங்கியின் வெட்டிய முனையாலும் தேய்ப்பார்கள். கத்தியைப் பலகையில் படுக்கவைத்துத் தேயுங்கள், கையில் பிடித்துக்கொண்டு வேண்டாம். குழிவில் மட்டும் உப்புத்தாள் போடாதீர்கள்.

மீன்முள்:

அப்படியென்றால் நீலத்தாள் எஃகு வாங்கியிருந்தால் துரு வந்திருக்காதா?

நீலத்தாள்:

என் பெயரைப் பார்த்துக் கேட்கிறீர்கள் போல. வந்திருக்கும். ஷிமானே மாகாணத்தில் யசுகி ஆலையில் எஃகைச் சுற்றும் தாளின் நிறம்தான் வெள்ளை, நீலம். ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்று இருந்த அந்த நிறுவனம் 2023-இலிருந்து புரோடீரியல். நீலத்தில் டங்ஸ்டனும் துளி குரோமியமும் கூடுதல். கூர்மை நீண்ட நாள் நிற்கும். ஆனால் அந்தக் குரோமியம் அரை சதவீதத்தைத் தாண்டாது. துருவைத் தடுக்கப் பத்துக்கு மேல் வேண்டும்.

எண்ணெயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சில நாள் எடுக்கப்போவதில்லை என்றால் கமேலியா எண்ணெய் ஒரு சொட்டு, துணியால் இழுத்துவிட்டால் போதும். சூரியகாந்தி எண்ணெய் பூசினால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அம்மா அரிவாள்மணைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார் என்று ஆரம்பித்துவிடாதீர்கள், நானும் தடவிப் பார்த்தவன்தான். சிங்கப்பூரில் சரி, ஒசாகா குளிரில் வெள்ளையாக உறைந்துபோய் நிற்கும்.

மீன்முள்:

காபித்தூள், வினிகர் போட்டு முன்கூட்டியே கறுப்பாக்கிவிட்டால் துரு வராது என்று பார்த்தேனே?

சாணைக்கல்:

காய் நறுக்கும் கத்திக்குச் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சஷிமிக் கத்திக்கு எனக்குப் பிடிக்காது. தொழில்காரர்கள் அன்றன்றைக்குத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள்.

நீலத்தாள்:

இதில் நான் அவர் கட்சி இல்லை. வீட்டுக் கத்தி தானாகக் கறுக்கட்டும். வினிகர் குளியலெல்லாம் வேண்டாம், தினமும் தேய்த்துத் தேய்த்து வெளுக்கவும் வேண்டாம்.

சரி, பொக்கை. கபோச்சாவின் தோல் மரக்கட்டை மாதிரி. சமையல்காரர்களே அதற்குத் தடித்த கத்தி எடுப்பார்கள், இல்லாவிட்டால் மைக்ரோவேவில் வாட்டிவிட்டு வெட்டுவார்கள். யனகிபாவின் வாய் ஒரு நீண்ட இழுப்புக்காகச் செய்தது. அழுத்தினாலோ திருகினாலோ எலும்பில் பட்டாலோ கண்ணாடி போல உதிரும். உறைந்த மீனும் கூடாது. இந்தப் பொக்கையை எடுக்க 400 எண் சாணைக்கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைஸ்) வாயையே பின்னுக்குத் தேய்த்துக்கொண்டு வர வேண்டும், அப்புறம் சரிவு முழுவதையும் கல்லில் படியவைத்து 1000, பிறகு 6000. பின்பக்கத்தைத் தட்டையாக வைத்து நைஸ் கல்லில் சும்மா தடவிப் பிசிரை மட்டும் எடுக்க வேண்டும். பின்பக்கத்தை ஒரு நூல் தூக்கித் தீட்டினாலும் கத்தி போச்சு. முதன்முதலாகக் கல் பிடிப்பவர் இதில் பழக வேண்டாம். சக்காய்க்கே எடுத்துப்போங்கள். அங்கே அடிப்பவர் வேறு, தீட்டுபவர் வேறு, கைப்பிடி போடுபவர் வேறு. தீட்டுவதையே ஆயுள் முழுக்கச் செய்பவர்களிடம் கொடுப்பதில் வெட்கமில்லை.

டிராமில் போகும்போது உறை, அதன் மேல் துணி, அதன் மேல் பெட்டி. ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேல் அலகுள்ள கத்தியைக் காரணமில்லாமல் வெளியில் எடுத்துப்போவது குற்றம். தீட்டக் கொடுப்பது காரணம்தான், ஆனால் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

ஒசாகாவாசி (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. போய்வந்தேன். பெரியவர் பொக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கபோச்சா?" என்று மட்டும் கேட்டார். பத்து நாளில் திரும்பி வந்தது. அலகின் அகலம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பொக்கை இருந்த இடம் தெரியவில்லை. மனைவி வலதுகைக்காரி, யனகிபா இனி அவளுக்கு. முதல் நாளே நேர்துண்டாகப் போட்டுக் காட்டினாள், பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

நான் 240 சுஜிஹிகி வாங்கினேன், இரு பக்கமும் சமமாகத் தீட்டித் தரச் சொல்லி. நேற்று வாட்டிய மாட்டிறைச்சியை அதில் போட்டேன். துண்டு நேராக வந்தது. ஆனால் அலகில் நடுவில் ஊதாவும் நீலமுமாக மயில் கழுத்து மாதிரி ஒரு திட்டு. துடைத்தால் போகவில்லை. இது துருவா?

நீலத்தாள்:

விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இல்லை, விரலில் நிறம் ஒட்டவில்லை என்றால் துரு இல்லை. சூடான இறைச்சி பட்டால் அப்படித்தான் நிறம் ஏறும். விட்டுவிடுங்கள். ஆரஞ்சு வந்தால் எழுதுங்கள்.

சாணைக்கல்:

எனக்கென்றால் தேய்த்துவிடுவேன்.