நேவ் ஆண்டெனா: இறக்கையில் ஒட்டியதும் ரீடிங் கெட்டுவிட்டது, உதவி தேவை

காட்பாடிக்காரன்:
நண்பர்களோடு ராணிப்பேட்டை ஷெட்டில் இரண்டு சீட் ஃபைபர்கிளாஸ் விமானம் கட்டி வருகிறோம். விஓஆர் (திசை காட்டும் தரை நிலையம்) சிக்னலுக்காக வலது இறக்கைத் தோலின் உள்பக்கம் செப்புப் பட்டையில் டைபோல் (இரண்டு கை ஆண்டெனா) செய்தேன். ஒவ்வொரு கையும் 63 செ.மீ. நடுவில் ஆர்ஜி-58 கேபிளை நேரடியாகப் பற்றவைத்திருக்கிறேன். மேசையில் 112 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1-ஐ நெருங்கினால் நல்லது) 1.5 வந்தது. ஒட்டி, மேலே ஒரு அடுக்கு கிளாஸ் போட்டபின் பள்ளம் (எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் அலைவரிசை) 104-க்கு இறங்கிவிட்டது; 112-ல் 3-க்கு மேல். சென்னை விஓஆரும் வரவில்லை, கருவியில் 'சிக்னல் இல்லை' என்று காட்டும் கொடி விலகவே இல்லை. ரெசினைத் தேய்த்துப் பட்டையை நறுக்கிவிடலாமா?

ஹாம் தாத்தா:
தம்பி, கத்தியைக் கீழே வையுங்கள். ஸ்பாரில் (இறக்கையின் நீள உத்தரம்) கார்பன் உண்டா? கேபிள் எந்த வழியாகக் காக்பிட்டுக்குப் போகிறது? அனலைசரைப் பார்த்துக்கொண்டே கேபிளைக் கையால் பிடித்தால் ரீடிங் ஆடுகிறதா?

காட்பாடிக்காரன்:
ஸ்பார் மரம்தான் சார். கேபிள் ஸ்பாரை ஒட்டி, உள்பக்கக் கையின் கூடவே போகிறது. பிடித்தால் நன்றாகவே ஆடுகிறது.

ஹாம் தாத்தா:
அப்போ கேபிளின் வெளி உறையும் ஆண்டெனாவாக வேலை செய்கிறது. அந்த நிலையில் பட்டையை வெட்டினால் எதை ட்யூன் செய்கிறோம் என்றே தெரியாது. பற்றவைத்த இடத்தை ஒட்டி கேபிளில் மூன்று ஃபெரைட் வளையம் கோர்த்துவிடுங்கள். 43 வகை கேளுங்கள், ரிச்சி தெருவில் தேடலாம். மஞ்சள் பூச்சு வளையத்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அது இரும்புத்தூள், இதற்கு உதவாது. கேபிளை டைபோலுக்குச் செங்குத்தாகப் பின்பக்கம் இழுத்து, பின் ஸ்பார்வரை போனபிறகு திருப்புங்கள். நுனி விளக்குக்கான வயர் பட்டை பக்கத்தில் ஓடினால் அதையும் தள்ளி வையுங்கள். ஃபைபர்கிளாஸ் ஒட்டினால் ஒத்திசைவு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆனால் அது கேபிளைத் தொட்டதும் ஆடாது.

ஷெட் வாசி:
பேசாமல் இதையும் வால் துடுப்பில் ரேடியோ ஆண்டெனாவோடு செங்குத்தாக வைத்துவிடலாமே?

ஹாம் தாத்தா:
கூடாது. விஓஆர் அலை கிடைமட்டம், பேச்சு ரேடியோவுக்குத்தான் செங்குத்து. மாற்றி வைத்தால் சிக்னலில் பெரும்பகுதி போய்விடும்.

பயிற்சி விமானி:
கொடி விலகாததற்கு ஆண்டெனாவைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்த அலைவரிசை நேர்கோட்டில்தான் போகும். ராணிப்பேட்டைத் தரையில் நின்றுகொண்டு சென்னையை எதிர்பார்க்க முடியாது. சில ஆயிரம் அடி ஏறினால் வரும். தரையில் சோதிக்க ஒரு விஓஆர் சிக்னல் ஜெனரேட்டரை இரவல் வாங்குங்கள்.

காட்பாடிக்காரன்:
வளையம் போட்டு வழியை மாற்றினேன். கேபிளைத் தொட்டாலும் இப்போது அசையவில்லை. பள்ளம் 108-ல் நிற்கிறது.

ஹாம் தாத்தா:
சரி, இப்போ வெட்டலாம். விஓஆர் அலைவரிசைகளின் நடு 113. 63 × 108 ÷ 113 போட்டால் கைக்கு 60.2 செ.மீ. வரும். ஒரேயடியாக வேண்டாம். இரு நுனியிலும் சமமாக ஒரு செ.மீ. எடுத்து அளந்து பாருங்கள், அப்புறம் அடுத்தது. நுனியை மூட ரெசின் கலக்கும்போது காலை வேளையில் கலந்துகொள்ளுங்கள், வேலூர்ப் பக்கத்து மதிய வெயிலில் கப்பிலேயே இறுகிவிடும்.