3 மி.மீ. கண்டல் நத்தை: போத்தலில் ஓடு மாவாகிறது, பெயரும் பிடிபடவில்லை

வெள்ளவத்தை_கரை:
நீர்கொழும்புக் களப்பின் தென்கரையில், கண்டல் வேர்களுக்கிடையே அனுமதியோடு எடுத்த சேற்று மாதிரி. நிறையக் குட்டி நத்தைகள்; பெரியதே 4 மி.மீ.தான், மண்ணிறம், வழுவழுப்பு. மாதிரி கெடாமல் வைக்கும் போமலின் திரவத்தில் போட்டவை சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்து, இடுக்கியால் தொட்டாலே நொறுங்குகின்றன. மிச்சத்தைக் காப்பாற்றலாமா? இவை அசிமினியா, ஸ்டெனோதைரா என்ற இரண்டு நத்தைப் பேரினங்களில் எது?

களப்பு_அண்ணை:
போமலின் நாள்பட நாள்பட போமிக் அமிலம் ஆகும். ஓடு கல்சியம் காபனேற்று, அமிலம் அதைக் கரைக்கும். கரைந்தது திரும்பாது. மிச்சத்தை இன்றைக்கே எடுத்து, தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி 70% எதனோலுக்கு மாத்துங்கோ. டி.என்.ஏ. எண்ணம் இருந்தால் புது மாதிரி எடுத்து 95% எதனோலில் வையுங்கோ. விபரத்தைப் பென்சிலால் எழுதி போத்தலுக்கு உள்ளேயே போடுங்கோ. பேனா மை மதுசாரத்தில் கலைந்துவிடும்.

உயிரோடு நேரே எதனோலில் போடவும் கூடாது. உடம்பை உள்ளே இழுத்து மூடியைச் சாத்திக்கொள்ளும். மதுசாரம் உள்ளே போகாமல் தசை அழுகும், ஓடு மட்டும் வெளியே அழகாகத் தெரியும். முதலில் மயக்க வேணும். மக்னீசியம் குளோரைட் 75 கிராமை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து, களப்புத் தண்ணீரோடு சரிபாதி கலந்து அதில் விடுங்கோ. ஊசியால் உணர்கொம்பைத் தொட்டும் சுருங்காவிட்டால்தான் எதனோல்.

சேற்றுக்கால்:
பெயரைப் பற்றி: போத்தலுக்குள் போகும் முன்னரே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அடுத்த தடவை மேல் 2 செ.மீ. சேற்றை மட்டும் வழித்து, 0.5 மி.மீ. கண்ணுள்ள அரிதட்டில், அந்த இடத்துத் தண்ணீராலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீர் பட்டால் எல்லாம் மூடிக்கொள்ளும். பிறகு வெள்ளைப் பீங்கான் தட்டில் அரை செ.மீ. களப்புத் தண்ணீர் விட்டு, நத்தைகளைப் போட்டு, அசையாமல் காத்திருங்கள்.

தலை வெளியே வந்ததும் 10 மடங்கு கைவில்லையால் கண்ணைப் பாருங்கள். உணர்கொம்பு கட்டையாக, அதன் நுனியிலேயே கருப்புப் புள்ளியாகக் கண் இருந்தால் அசிமினியா. அது ஈரநிலத்துப் பிராணி, தண்ணீரை விட்டுத் தட்டின் விளிம்புக்கு ஏறிவிடும். மூடி வைக்காவிட்டால் மேசையில் தேட வேண்டும். கொம்பு நீண்டு மெலிந்து, கண் அதன் அடியில் இருந்தால் ஸ்டெனோதைராவாக இருக்கலாம். ஓட்டின் வாயையும் பாருங்கள்: கடைசிச் சுற்று முட்டைபோல உப்பியிருக்க, வாய் மட்டும் சிறுத்து வட்டமாக நிற்கும்.

நம்மவர் ஊரி என்கிற நீண்ட நத்தையின் குஞ்சும் இந்த அளவில் கிடைக்கும். அதன் ஓட்டில் வரிகள் தெரியும், வழுவழுப்பாக இராது.

வெள்ளவத்தை_கரை:
மக்னீசியம் குளோரைட் கிடைக்காவிட்டால்?

களப்பு_அண்ணை:
மெந்தோல் படிகம். நாலைந்தைத் தண்ணீர்மேல் தூவி, மூடி, சில மணித்தியாலம் விடுங்கோ. அவசரப்பட்டால் பாதியில் சுருங்கிவிடும்.

சேற்றுக்கால்:
இனப்பெயரை ஓட்டுப் படத்தை வைத்து எழுதிவிடாதீர்கள். அதற்கு நாக்கரமும் (நத்தையின் வாய்க்குள் இருக்கும் பல்வரிசை நாக்கு) ஆணின் இனவுறுப்பும் பார்க்க வேண்டும். அதுவரை 'ஸ்டெனோதைரா இனம்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் உவர்ப்பளவைக் குறியுங்கள். களப்பின் கடல்வாய் வடக்கே. தெற்கில் தண்டுகம் ஓயாவும் ஜா-எலையும் நன்னீர் கொண்டுவருகின்றன. மழைக்குப் பிறகு அதே கரையில் உவர்ப்பு வெகுவாக இறங்கிவிடும்.