வெயிட் பயிற்சி தொடங்கியதும் எடை ஏறுகிறது, நிறுத்தி விடலாமா?

தெப்பக்குளம்_நடை:

வணக்கம். வயது 38, உயரம் 158 செ.மீ. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 82 கிலோவில் நின்றுவிட்டேன். ஐந்து மாதமாகத் தினமும் காலை ஐந்தரைக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் வேக நடை. சோற்றைப் பாதியாக்கினேன், காபியில் சர்க்கரையை விட்டேன். 73.4 வரை இறங்கியது. அப்புறம் ஒரு மாதம் எண் அசையவே இல்லை.

வெயிட் தூக்கினால் மறுபடி குறையும் என்று சொன்னார்கள். வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று காலை எடை 74.8. ஐந்து மாதம் வாயைக் கட்டி இறக்கியது இப்படித் திரும்பி வருகிறதே என்று அழுகையே வந்துவிட்டது. மாடிப்படி இறங்கும்போது தொடை பிடித்துக்கொள்கிறது, இடது முழங்காலிலும் வலி. "நடையே போதும், உனக்கு எதற்கு இது" என்கிறார்கள் வீட்டில். ஜிம்மில் கேட்டால் புரத மாவு டப்பா வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

காலை_டம்பெல்:

நிறுத்த வேண்டாம் சகோதரி. மூன்று வாரத்தில் ஏறிய 1.4 கிலோ கொழுப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சரியாகச் சொல்ல இன்னும் சில விவரம் வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் ஜிம், நடைக்கு முன்னாலா பின்னாலா? என்னென்ன செய்கிறீர்கள்? ஒரு நாள் சாப்பாடு என்ன? இடுப்பை அளந்தீர்களா? பிபி, சர்க்கரை, தைராய்டு ஏதாவது உண்டா?

தெப்பக்குளம்_நடை:

நோய் எதுவும் இல்லை அண்ணா. வாரத்தில் ஆறு நாள். நடையை முடித்துவிட்டு நேரே ஜிம்முக்குப் போய்விடுவேன், வெறும் வயிறுதான். ஸ்குவாட் (நின்றபடி முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது), காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ், கை டம்பெல், வயிற்றுக்கு கிரஞ்சஸ். ஆறு நாளும் இதேதான். காலை இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, சாம்பார், பொரியல். இரவு கேழ்வரகுக் கஞ்சி. கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும். தூக்கம் ஐந்து மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை.

ஜிம்மில் சேர்ந்த அன்று அட்டையில் இடுப்பு 96 செ.மீ. என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் கேட்டதால் இப்போதுதான் தையல் மிஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்துத் தொப்புளுக்கு நேராகச் சுற்றிப் பார்த்தேன். 94.5 காட்டுகிறது. நம்பாமல் மூன்று முறை அளந்தேன்.

காலை_டம்பெல்:

அந்த டேப்பே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. இடுப்பு ஒன்றரை செ.மீ. குறைந்திருக்கும்போது எடை ஏறினால், ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர்.

ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 1.4 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் மூன்று வாரமும் தினம் 500 கலோரி தேவைக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும், அதாவது தினமும் இரண்டு பரோட்டா கூடுதலாக. நீங்கள் சொன்ன சாப்பாட்டில் அதற்கு இடமே இல்லை. பழகாத தசைக்கு வேலை கொடுத்தால் உள்ளே நுண்ணிய காயம் படும், அதை ஆற்ற உடம்பு அங்கே நீரைத் தேக்கும். தசை தன் எரிபொருளான கிளைகோஜனையும் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள் என்றால் அந்த நீரும் சேர்ந்துகொள்ளும்.

எடை ஒரு மாதம் நின்றுபோனதிலும் வியப்பில்லை. 82 கிலோ உடம்பைத் தெப்பக்குளத்தைச் சுற்றித் தூக்கிப்போக ஆன செலவு 73 கிலோவுக்கு ஆகாது. அதே நடை, அதே சாப்பாடு, ஆனால் செலவு குறைந்துவிட்டது. புரதம் குறைவாக, நடை மட்டும் வைத்து இளைத்தால் கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும். அதைத் தடுக்கத்தான் வெயிட்.

உங்கள் வழக்கத்தில் மாற்ற வேண்டியவை இருக்கின்றன. முதலில் நாட்கள். ஒரே தொடையை ஆறு நாளும் அடித்தால் அது எப்போது ஆறும்? திங்கள், புதன், வெள்ளி மட்டும் வெயிட். மற்ற நாட்களில் நடை, ஞாயிறு ஓய்வு. ஐந்து நாள் முப்பது நிமிட வேக நடை என்றாலே உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன வாரம் 150 நிமிடம் வந்துவிடும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. வெயிட் நாளில் முதலில் வெயிட், அப்புறம் இருபது முப்பது நிமிட நடை. ஒரு மணி நேரம் நடந்து களைத்த காலோடு ஸ்குவாட் போட்டால் நிலை தவறும். முழங்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஐந்து பயிற்சி போதும்: ஸ்குவாட், டம்பெல் வைத்து ருமேனியன் டெட்லிஃப்ட் (முதுகை நேராக வைத்து இடுப்பை மடக்கி நிமிர்வது), பெஞ்சில் கை ஊன்றி புஷ்அப், டம்பெல் ரோ (குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது, முதுகுக்கு), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேலே தூக்குவது). இப்போது நீங்கள் செய்வதில் முதுகுக்கு ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 முறை, அது ஒரு செட்; அப்படி மூன்று செட். செட் முடியும்போது இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற அளவில் எடை இருக்கட்டும். பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால் அடுத்த டம்பெல்லுக்குப் போங்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள்.

சாப்பாட்டில் இப்போது புரதம் 35 கிராம் தேறினாலே அதிகம். 75 பக்கம் கொண்டுபோகப் பாருங்கள். காலை மூன்று முட்டை 18 கிராம். மதியம் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 13, கெட்டியான பருப்பு 8, ஒரு கப் தயிர் 7. இரவு கஞ்சிக்குப் பதில் நூறு கிராம் மீனோ கோழியோ, 22க்கு மேல் வரும். சைவ நாளில் நாற்பது கிராம் மீல்மேக்கர், 20 கிராம். ஒரு டம்ளர் பால் சேர்த்தால் கணக்கு முடிந்தது. டப்பா கட்டாயமில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பஞ்சுமூட்டை:

நடையையே விட்டுவிட்டு வெயிட் மட்டும் தூக்கச் சொல்வேன். நடை, ஓட்டம் மாதிரி கார்டியோ தசையைக் கரைத்துவிடும்.

காலை_டம்பெல்:

இவருக்கு அது பொருந்தாது. நாலைந்து நாள் மிதமான நடை தசையைக் கரைக்காது. போதிய சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் மணிக்கணக்கில் ஓடுவது வேறு விஷயம். இதயத்துக்கும் மூச்சுக்கும் நடை தருவதை டம்பெல் அப்படியே தந்துவிடாது.

பழங்காநத்தம்_அக்கா:

தங்கச்சி, எனக்கு 54 வயது. பத்து வருடத்துக்கு முன்னால் நடையும் பட்டினியுமாக 14 கிலோ குறைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்ற முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. சாப்பாடு கொஞ்சம் கூடியதும் 11 கிலோ திரும்ப ஏறியது, போன பலம் மட்டும் வரவில்லை. எனக்கு யாரும் அப்போது இதைச் சொல்லவில்லை. நீ விட்டுவிடாதே.

முழங்காலுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்குவாட் போடும்போது பக்கவாட்டில் நின்று யாரையாவது வீடியோ எடுக்கச் சொல். எனக்குக் குதிகால் தரையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது, எனக்கே தெரியாது. பின்னால் நாற்காலி போட்டு அதில் உட்கார்ந்து எழுவது போலப் பழகினேன், வலி போய்விட்டது. வீக்கம் இருந்தாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடு.

தெப்பக்குளம்_நடை:

அக்கா, வீடியோ எடுத்துப் பார்த்தேன். எனக்கும் குதிகால்தான்! இடது முட்டி உள்பக்கமாகவும் சாய்கிறது. நாளையிலிருந்து நாற்காலி. எடையை எப்போதெல்லாம் பார்க்கலாம்?

காலை_டம்பெல்:

பார்த்தால் மனசு தாங்கும் என்றால் தினமும் காலையில் கழிவறை போய்வந்த பின் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள். தாங்காது என்றால் வாரம் ஒரு முறை. டேப் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. தூக்கிய டம்பெல் எடையையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள். தூக்கம் ஆறரை மணி நேரமாவது வரட்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தெப்பக்குளம்_நடை:

எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் 74.6லேயே நின்றது, ஜிம்மை விட்டுவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து இறங்கியது. இந்த வாரச் சராசரி 72.1, இடுப்பு 91. முழங்காலில் வலி இல்லை. டெட்லிஃப்டுக்குக் கைக்கு 4 கிலோவில் தொடங்கினேன், இப்போது 10.

நேற்று இருபது லிட்டர் தண்ணீர் கேன் வந்தது. வழக்கமாகப் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுவேன். நேற்று நானே முதுகை நேராக வைத்து, இடுப்பை மடக்கித் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்த்தேன். என் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று காலை, "எனக்கும் அந்த நாற்காலிப் பயிற்சியைச் சொல்லிக்கொடு" என்றார். அவருக்கு 66 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அக்கா, அவருக்கு எத்தனை முறை வைக்கலாம்?

பழங்காநத்தம்_அக்கா:

உயரமான நாற்காலியாகப் பார்த்துச் சுவரை ஒட்டிப் போடு, வழுக்கக் கூடாது. ஐந்து முறை, இரண்டு செட். நீ பக்கத்தில் நின்றுகொள்.