மறு: மறு: ‘நெரிசல் சாளரம்’ – மாற்றுச் சொல் வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம். இணையப் பாதையில் நெரிசல் வராமல் அனுப்பும் அளவைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஆங்கிலத்தில் கன்ஜெஸ்ஷன் கன்ட்ரோல் என்று பெயர். அதற்கும், அதில் வரும் ‘நெரிசல் சாளரம்’ (கன்ஜெஸ்ஷன் விண்டோ) முதலிய சொற்களுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் நல்ல தமிழ் தேடுகிறோம். ஐயா எழுதியது:

> கன்ஜெஸ்ஷன் கன்ட்ரோலுக்கு நம் பாசனச் சொல்லே போதும். மடையைத் திறப்பதும் அடைப்பதும்தானே? ‘மடையாள்கை’ எனலாம்.

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஏரிப்பாசன ஊர்க்காரன் என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு இடத்தில் உதைக்கிறது.

ஏரி மடையில் நீரைப் பங்கிடும் நீர்க்கட்டி நிற்பார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர் கையில். இணையத்தில் அப்படி ஒருவர் இல்லை. தரவு சிறுசிறு பொதிகளாகப் போகிறது. அவற்றை வழிகாட்டி அனுப்பும் கருவி திசைவி (ரவுட்டர்); பொதிகள் அதில் காத்திருக்கும் இடம் இடையகம். இடையகம் நிரம்பினால் திசைவி வரும் பொதியைக் கீழே போடும், அவ்வளவுதான். (நெரிசலைப் பொதியிலேயே குறியிட்டுச் சொல்லும் முறை 2001இல் இணையத் தரமாக வந்தது, அதிலும் அளவைக் குறைப்பது அனுப்புநர்தான்.) பொதி தொலைந்ததைப் பார்த்து, அனுப்பும் கணினி தானாகக் கையைச் சுருக்கிக்கொள்கிறது.

அடுத்ததுதான் பெரிய உதை. வாய்க்காலில் வழிந்த தண்ணீர் ஏரிக்குத் திரும்பிப் போய் மறுபடி அதே வாய்க்காலில் வராது. பொதி வரும். ‘வந்து சேர்ந்தது’ என்று ஏற்பவர் அனுப்பும் ஒப்புகை காணோம் என்றதும் அனுப்பியவர் அதையே திரும்ப அனுப்புவார். ஏற்கெனவே திணறும் பாதையில் நகல்களும் சேர்ந்துகொள்ளும். வலையமைப்புப் பொறியாளர் ஜான் நேகிள் 1984இலேயே இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். 1986 அக்டோபரில் நடந்தே விட்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜம்தான் தூரம். நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட் போனது. அதாவது 5 பைட். யூனிகோடு யுடிஎஃப்-8இல் ஒரு ‘அ’வுக்கே 3 பைட் வேண்டும், இந்த மடலை அன்று அனுப்பியிருந்தால் நொடிக்கு இரண்டு எழுத்துகூடப் போயிருக்காது!

இந்நிகழ்வின் பெயரான கன்ஜெஸ்ஷன் கொலாப்ஸ் என்பதற்குப் பட்டியலில் ‘நெரிசல் வீழ்ச்சி’ என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். ‘விலை வீழ்ச்சி’ என்றால் விலை குறைந்தது. அப்படியே படித்தால் நெரிசல் குறைந்தது, நல்ல செய்தி என்றல்லவா ஆகிறது? ‘நெரிசல் முடக்கம்’ என்று மாற்றக் கோருகிறேன்.

இப்போது சாளரத்துக்கு வருகிறேன். நான் வகுப்பில் ‘நெரிசல் சாளரம்’ என்றே சொல்லி வந்தவன். போன பருவத் தேர்வில் ஒரு மாணவர், “நெரிசல் சாளரம் என்பது நெரிசலைப் பார்க்க உதவும் ஜன்னல்” என்று எழுதியிருந்தார். சிரித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன். பிறகு யோசித்தால், குற்றம் என்னுடையது. ஆங்கிலத்தில் விண்டோ என்று இங்கே சொல்வது ஒப்புகை வராமல் ஒரே நேரத்தில் வழியில் இருக்கக்கூடிய தரவின் அளவை. அதற்குச் சாளரம் எதற்கு? ‘வரம்பு’ இருக்கிறதே. வயலுக்கும் அதுதான், அளவுக்கும் அதுதான்.

வரம்பு இரண்டு. ஏற்பவர் தன்னிடம் இவ்வளவுதான் இடம் இருக்கிறது என்று ஒவ்வொரு ஒப்புகையிலும் சொல்லிவிடுகிறார். தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி பொதியின் முன்னால் வைக்கும் தலைப்பில் அதற்கு 16 பிட் ஒதுக்கியிருக்கிறது. இதை ‘ஏற்பு வரம்பு’ என்போம். பாதை தாங்கும் அளவை எவரும் சொல்வதில்லை, அனுப்புநரே தட்டுத்தடுமாறி ஊகிக்க வேண்டும். இதற்கு ‘தட வரம்பு’. இரண்டில் எது சிறியதோ அதற்குள் அனுப்புவது. ஏற்பு வரம்பில் ‘நிறுத்து’ என்று சொல்ல ஓர் ஆள் இருப்பதால், ஏற்பவர் திணறாமல் காக்கும் ஃப்ளோ கன்ட்ரோலுக்குப் ‘பாய்வுக் கட்டுப்பாடு’ சரி. கன்ஜெஸ்ஷன் கன்ட்ரோலில் ஆள் இல்லை; அங்கே ‘நெரிசல் தணிப்பு’ என்றால் போதும்.

இணைப்பின் தொடக்கத்தில் வழியின் அளவை ஊகிக்கும் ஸ்லோ ஸ்டார்ட் பற்றியும் ஒரு வரி. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் காரெல்ஸும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் வரும் முறை இது. 1 பொதி, ஒப்புகை வந்ததும் 2, பிறகு 4, 8, 16. இதையா ‘மெதுதொடக்கம்’ என்பது? தொடங்கும் அளவுதான் சிறிது, ஏற்றம் இரட்டிப்பு. ‘சிறுதொடக்கம்’ என்றால் மாணவர் குழம்பமாட்டார். மெதுவான கட்டம் பிறகு வருகிறது: 40 பொதியில் ஒன்று தொலைந்தால் 20க்கு இறங்கி, 21, 22 என்று ஒவ்வொன்றாக ஏறுவது.

அன்புடன்.

- - -

மறுநாள் மடல்:

> ‘தடவரம்பு’ என்று யாராவது சேர்த்தெழுதினால் கண்ணுக்கு முதலில் ‘தடவ’ என்றுதான் படுகிறது. எண்ணெய் விளம்பரம் மாதிரி.

அக்கா, நேற்று இரவு முழுக்க அது என் கண்ணில் படவில்லை; இனி வேறெதுவும் படாது. கைவிடுகிறேன்.

‘வழி வரம்பு’ எப்படி? பாதை என்றும் படிக்கலாம், வழிவது என்றும் படிக்கலாம். பாதை எவ்வளவு தாங்கும், எதற்கு மேல் போனால் வழியும் என்ற இரண்டும் இங்கே ஒரே எண்தான். ஐயாவின் தண்ணீரும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது.

ஒற்று மிகாது, எனவே சேர்த்தாலும் ‘வழிவரம்பு’தான். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். திங்கட்கிழமை எனக்கு இந்தப் பாடம்தான்.